கொச்சிக்கு மூன்று நாள் அதிகமா?

திருநெல்வேலியிலிருந்து எழுபது வயது அம்மாவோடும் ஏழாம் வகுப்புப் படிக்கும் மகனோடும் வியாழன், வெள்ளி, சனி என மூன்று நாள் கொச்சிக்கு வருகிறீர்கள். போய்வந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் ‘அங்கே என்ன இருக்கிறது, அரை நாளில் முடிந்துவிடும், சீனவலை முன்னால் ஒரு படம் எடுத்துக்கொண்டு மூணாறு ஏறிவிடுங்கள்’ என்கிறார்கள். என்னென்ன பார்க்கலாம் என்று நீங்கள் பட்டியல் கேட்டிருக்கிறீர்கள். மூட்டுவலிக்கார அம்மாவையும் சீக்கிரம் சலித்துப்போகிற பையனையும் வைத்துக்கொண்டு மூன்று நாள் கழிக்க அந்த ஊரில் விஷயம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி என்று நான் எடுத்துக்கொள்கிறேன். இருக்கிறது. ஆனால் உங்கள் கிழமைகள் கொஞ்சம் வில்லங்கமானவை. கடைசியில் சொன்னால் கண்ணில் படாமல் போகும் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மட்டாஞ்சேரி அரண்மனைக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. யூதர்களின் வழிபாட்டிடமான பரதேசி யூதப்பள்ளி வெள்ளியும் சனியும் திறக்காது. ஆகவே வந்திறங்கிய களைப்போடாவது வியாழக்கிழமையே மட்டாஞ்சேரிக்குப் போய்விடுங்கள். மற்றவை காத்திருக்கும்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை, எவ்வளவு நம்பலாம் என்று நீங்கள் கணக்குப் போட வசதியாக. செங்கோட்டைக்காரன். இருபத்தோரு ஆண்டுகளாகக் கொச்சியில் தமிழ்க் குழுக்களுக்கு வழிகாட்டி. வரலாற்றில் பட்டம் எதுவும் கிடையாது. பயிற்சியில் கொடுத்த குறிப்பேட்டை மனப்பாடம் செய்துதான் தொழிலைத் தொடங்கினேன். அதில் பாதி வெறும் கதை என்று தெரிந்துகொள்ளப் பத்து ஆண்டுகள் பிடித்தன. ‘இந்த வலையைச் சீனச் சக்கரவர்த்தி குப்லாய் கான் அனுப்பினார்’ என்று எத்தனை ஆயிரம் பேரிடம் சொல்லியிருப்பேனோ. அந்தப் பாவத்துக்குப் பரிகாரமாக, ஆவணத்தில் உள்ளதை உள்ளது என்றும் வாய்வழி வந்ததை அப்படியே என்றும் பிரித்துச் சொல்கிறேன். ஓட்டல் அறை, வாடகை பற்றி மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். ராத்திரி என் வீட்டில் தூங்குகிறவன் நான்.

உங்கள் சொந்தக்காரர்களுக்கு ஏன் ஏமாற்றமாக இருந்தது என்பதற்குக் காரணம் ஊரின் பெயரிலேயே இருக்கிறது. ஃபோர்ட் கொச்சி என்கிறார்களே, கோட்டை எங்கே என்று வண்டியிலிருந்து இறங்கியதும் கேட்பார்கள். கோட்டை இல்லை. 1503இல் போர்ச்சுக்கீசியர் கட்டினார்கள். இந்தியாவில் ஐரோப்பியர் எழுப்பிய முதல் கோட்டை அது. தங்கள் மன்னர் மானுவேலின் பெயரை அதற்கு வைத்தார்கள். 1663இல் ஊரைப் பிடித்த டச்சுக்காரர்கள், இத்தனை பெரிய இடத்தைக் காவல் காப்பது கட்டாது என்று பெரும்பகுதியை இடித்துச் சுருக்கினார்கள். 1795இல் அது ஆங்கிலேயர் கைக்கு வந்தது. மிச்சமிருந்ததை 1806இல் அவர்கள் வெடிவைத்துத் தகர்த்தார்கள். இன்று கடற்கரையோரம் சில சுவர்த் துண்டுகளும், டச்சுக் கொத்தளத்தின் மேல் நிற்கும் பாஸ்டியன் பங்களாவும்தான் மிச்சம். ராஜஸ்தான் கோட்டைகளை மனத்தில் வைத்துக்கொண்டு வந்தால் அரை நாள்கூட அதிகம்தான். இங்கே ஒரு கூட்டம் கட்டியதை அடுத்த கூட்டம் இடித்து, அந்தக் கல்லிலேயே தன் வீட்டைக் கட்டிக்கொண்டது. அதைத் தெருத்தெருவாக நடந்துதான் பார்க்க முடியும், காரின் கண்ணாடி வழியாகத் தெரியாது. ஆங்கிலேயர் காலத்தில் இந்தக் கடலோரத் துண்டு மட்டும் மலபார் மாவட்டத்தோடு சேர்ந்து சென்னை மாகாணத்தில் இருந்தது. நடந்துபோகிற தூரத்திலுள்ள மட்டாஞ்சேரியோ கொச்சி ராஜாவுடையது.

வியாழக்கிழமைக்கு வருகிறேன். காலை பத்து மணிக்கு அரண்மனை வாசலில் இருங்கள். ‘டச்சு அரண்மனை’ என்று ஆட்டோக்காரர் முதல் பலகை வரை எல்லோரும் சொல்வார்கள். கட்டியவர்கள் போர்ச்சுக்கீசியர், 1555 வாக்கில் வீர கேரள வர்மா என்ற கொச்சி ராஜாவுக்குக் கொடுத்தார்கள். டச்சுக்காரர்கள் பின்னால் பழுதுபார்த்தார்கள், பெயர் அவர்களுக்குப் போய்விட்டது. பக்கத்துக் கோயிலைக் கொள்ளையடித்ததற்கு ஈடாகக் கட்டிக்கொடுத்தார்கள் என்று ஒரு கதை உண்டு. வணிகச் சலுகைக்காக என்பது இன்னொன்று. இரண்டும் சேர்ந்தே இருந்திருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் வெள்ளையடித்த பழைய பள்ளிக்கூடம்போல் இருக்கும், ‘இதுவா அரண்மனை’ என்று உங்கள் மகன் கேட்பான். உள்ளே ஐரோப்பியக் கட்டுமானத்துக்குள் கேரளத்து நாலுகட்டு ஒளிந்திருக்கிறது, நடுமுற்றத்தில் பழையனூர் பகவதி கோயில்.

பார்க்க வேண்டியது ராஜாவின் பள்ளியறைச் சுவர். தசரதன் புத்திரகாமேஷ்டி யாகம் செய்வதில் தொடங்கி இராமன் அயோத்தி திரும்புவது வரை இராமாயணம் முழுதும் அங்கே இருக்கிறது, நாற்பத்தெட்டுப் படங்கள். மனிதர், குரங்கு, மரம், தேர் என்று விரற்கடை இடம் விடாமல் நிரப்பியிருப்பார்கள், முதல் பார்வையில் ஒன்றும் பிடிபடாது. பெரும்பாலானவர்கள் ஐந்து நிமிடத்தில் வெளியே வந்துவிடுவது அதனால்தான். நான் செய்வது இது: குழுவில் வயதான அம்மா யாராவது இருந்தால் அவரிடம் விட்டுவிடுவேன். ‘அம்மா, பாயசக் கலசம் எங்கே இருக்கிறது, கண்டுபிடியுங்கள்’ என்பேன். கதை தெரிந்த கண்ணுக்குச் சுவர் மெல்ல அவிழும். அப்புறம் பேரன்களை இழுத்து வைத்துக்கொண்டு அவர்களே வழிகாட்டியாகிவிடுவார்கள், எனக்கு வேலை இருக்காது. சுண்ணாம்புப் பூச்சு காய்ந்த பிறகு தீட்டிய ஓவியங்கள் இவை; காவிச் சிவப்பும் மஞ்சளும் பச்சையும்தான் மேலோங்கும். படம் எடுக்க அனுமதி இல்லை, அது ஒருவகையில் நல்லது. கீழ்த்தளத்து அறையில் கிருஷ்ணன் கோபியரோடு இருக்கும் சிருங்காரப் படங்கள் உண்டு, பையனோடு போகும்போது நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். முன்பக்கம் படிக்கட்டு ஏறியாக வேண்டும். அம்மாவை அவசரப்படுத்தாதீர்கள்.

அங்கிருந்து யூதத்தெருவுக்கு நடக்கிற தூரம்தான். பரதேசி யூதப்பள்ளி ஒரு மணிக்கு மூடி மூன்று மணிக்குத் திறக்கும், அதற்குத் தகுந்தாற்போல் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 1568இல் கட்டியது, போர்ச்சுக்கீசியர் 1662இல் சேதப்படுத்த, டச்சுக்காரர்கள் வந்தபின் 1664இல் மீண்டும் எழுந்தது. மணிக்கூண்டு 1760 வாக்கில் எசக்கியேல் ரஹாபி என்ற வணிகர் வைத்தது. அதன் முகங்களில் எபிரேயம், ரோமன், மலையாளம் என்று வேறுவேறு எண்கள் இருப்பதை மகனுக்குக் காட்டுங்கள். உள்ளே தரையில் சீனத்திலிருந்து வந்த நீலவெள்ளை ஓடுகள். ஒன்றுபோல் ஒன்று இராது என்று எல்லா வழிகாட்டிகளும் சொல்வோம். கையால் தீட்டியது, அந்த அளவுக்குச் சரி. உற்றுப் பார்த்தால் சில வடிவங்களே மாறி மாறி வருவது தெரியும், பையனுக்கு அதையே வேலையாகக் கொடுக்கலாம். இந்த ஓடுகள் முதலில் ராஜாவுக்காக வந்தவை, செய்முறையில் பசுவின் ரத்தம் கலந்திருக்கிறது என்று யாரோ கிளப்பிவிட்டதால் அவர் வேண்டாமென்று யூதர்களுக்குக் கொடுத்துவிட்டார் என்றொரு கதையும் உலவுகிறது. சுவையான கதை. அதற்கு மேல் ஒன்றும் சொல்ல முடியாது.

நான் சற்று நின்று பேச விரும்புவது செப்பேட்டைப் பற்றி. யூதர்களின் தலைவர் யோசேப்பு ரப்பானுக்குச் சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மன் கொடுத்த பட்டயம் இந்தச் சமூகத்தின் பெரும் செல்வம். மூலத்தைப் பொதுவாகப் பார்வைக்கு வைப்பதில்லை. தொழிலுக்கு வந்த புதிதில் ‘கி.பி. 379’ என்று அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தேன், ஏனென்றால் மரபு அப்படிச் சொல்கிறது. ஒருமுறை தஞ்சாவூர்ப் பக்கமிருந்து வந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர், கையில் வைத்திருந்த நகலைப் பார்த்துவிட்டு, ‘தம்பி, இந்த வட்டெழுத்து நாலாம் நூற்றாண்டு வட்டெழுத்து மாதிரி இல்லையே’ என்றார். அன்றைக்குப் பதில் சொல்லத் தெரியாமல் விழித்தேன். அவர் சொன்னதுதான் சரி. கல்வெட்டு அறிஞர்கள் கணக்கில் அது கி.பி. 1000ஐ ஒட்டியது. ‘இரண்டாம் ஆண்டைக்கு எதிர் முப்பத்தாறாம் ஆண்டு’ என்று ஆட்சியாண்டைக் குறிக்கிற பழைய முறை அதில் இருக்கிறது. எழுத்து வட்டெழுத்து, இடையில் கிரந்தம். மொழியைப் பழைய மலையாளம் என்பவர்கள் உண்டு, தமிழ் என்பவர்கள் உண்டு; அந்தச் சண்டைக்கு நான் போவதில்லை. ஆனால் யோசேப்பு ரப்பானை அது ‘இஸ்ஸூப்பு இரப்பான்’ என்று அழைப்பதையும், அவருக்குக் கொடுத்த உரிமைகளாகப் பகல்விளக்கு, பாவாடை, குடை, வடுகப்பறை, தோரணம் என்று அடுக்குவதையும் படித்துக்காட்டினால் எந்த ஊர்த் தமிழருக்கும் அகராதி தேவைப்படாது. பாவாடை என்றால் இங்கே நடப்பதற்கு விரிக்கிற துணி. பிரமுகர்களுக்கு ஊர்வலத்தில் விரிப்பது.

பட்டயத்தில் வரும் ஊர் முயிரிக்கோடு, அதாவது கொடுங்கல்லூர்ப் பக்கம், கொச்சி அல்ல. அதைப் பெற்ற பழைய மலபார் யூதர்கள் வேறு, பதினாறாம் நூற்றாண்டில் ஸ்பெயின் முதலிய இடங்களிலிருந்து வந்து இந்தப் பள்ளியைக் கட்டிய ‘பரதேசி’கள் வேறு. பட்டயம் யாருக்குச் சொந்தம் என்பதில் இரு தரப்புக்கும் இழுபறி இருந்தது. அதைவிட வருத்தமானது, முன்னாள் அடிமைகளின் வழிவந்த யூதர்களுக்கு இந்தப் பள்ளிக்குள் சமமாக உட்கார இடமில்லாமல் இருந்தது. அந்த வழியில் வந்த வழக்கறிஞர் ஏ.பி. சேலம் இதே பள்ளிக்குள் சத்தியாகிரகம் செய்துதான் அந்த வழக்கத்தை அசைத்தார். ‘யூத காந்தி’ என்று அவரைச் சொல்வார்கள். பளபளக்கும் சரவிளக்குகளைக் காட்டுகிற நேரத்தில் இதைச் சொல்ல வழிகாட்டிகள் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். 1948க்குப் பிறகு யூதர்கள் கூட்டம் கூட்டமாக இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள். இன்று யூதத்தெருவில் கடை வைத்திருப்பவர்களில் யூதர் இல்லை, காஷ்மீரிகள் நிறைய. அங்கே விற்கிற ‘பழம்பொருள்’ எல்லாம் பழையது என்று நினைத்து வாங்காதீர்கள். மிளகும் ஏலமும் வாங்கலாம், ஆனால் முதல் கடையில் வாங்க வேண்டாம். ஆட்டோக்காரர் தானாகவே அழைத்துப்போகிற கடையில் வாங்கவே வேண்டாம்.

மட்டாஞ்சேரியை விட்டுக் கிளம்புமுன் அம்மா களைப்பில்லாமல் இருந்தால் குஜராத்தித் தெருப் பக்கம் ஒரு சுற்று. அரை மணி நடையில் சமணக் கோயில், குஜராத்திப் பலகாரக் கடை, கொங்கணி கௌட சாரஸ்வதர்களின் திருமலைக் கோயில், குஜராத்தின் கச்சுப் பகுதியிலிருந்து வந்த கச்சி மேமன் முஸ்லிம்களின் பள்ளிவாசல் என்று மாறிக்கொண்டே போகும். அம்மா சைவம் என்று எழுதியிருந்தீர்கள், மதிய உணவை இந்தப் பக்கமே முடித்துக்கொள்ளுங்கள். உங்களுக்கும் மகனுக்கும் பிரியாணி வேண்டுமென்றால் மட்டாஞ்சேரி பிரியாணி நம் பக்கத்துக் காரத்தில் இருக்காது, கைமா அரிசியில் நெய் மணக்க இருக்கும். ருசியில் என் சொல்லை முழுக்க நம்ப வேண்டாம், செங்கோட்டைக்காரனுக்குப் பக்கத்து பார்டர் பரோட்டாவைத் தாண்டி எதுவும் பெரிதாகத் தெரியாது.

வெள்ளிக்கிழமையை ஃபோர்ட் கொச்சிக்கு வையுங்கள், காலை ஏழு மணிக்கு முன்பே. பத்து மணிக்கு மேல் வெயிலும் கூட்டமும் சேர்ந்து வரும். சீனவலையைக் காலையில்தான் பார்க்க வேண்டும், சூரியன் மறைகிற நேரத்தில் வருகிறவர்கள் படத்தோடு போய்விடுவார்கள். தேக்கும் மூங்கிலும் சேர்த்துக் கட்டிய ஏற்றம்போல் ஒரு பொறி அது. ஒருபக்கம் வலை, மறுபக்கம் கயிற்றில் வரிசையாகத் தொங்கும் பாறாங்கற்கள். ஓராள் பிரதான மரத்தின் மேல் நடந்தால் அவர் எடையிலேயே வலை தண்ணீருக்குள் இறங்கும். தூக்குவதற்கு நாலைந்து பேர் கயிற்றைப் பிடித்து இழுக்க வேண்டும். ஒவ்வொரு கல்லாகத் தரை தட்டத் தட்டப் பாரம் எப்படிச் சமநிலையாகிறது என்று பார்த்தால் உங்கள் மகனுக்கு நெம்புகோல் பாடம் அங்கேயே முடிந்துவிடும். இப்போது மீன் அதிகம் விழுவதில்லை. வாருங்கள், நீங்களும் இழுங்கள் என்று கூப்பிடுவார்கள். இழுத்தால் காசு கொடுக்க வேண்டும் என்பதைத் தெரிந்துகொண்டு இழுங்கள். அதில் தவறில்லை, மீனை நம்பி அவர்களால் பிழைக்க முடியாது.

வலையின் பூர்வீகம்: பதினைந்தாம் நூற்றாண்டில் சீனத் தளபதி செங் ஹோவின் கப்பல்கள் கொச்சிக்கு வந்தது நிச்சயம். அந்தப் பயணங்களில் கூட இருந்த மா ஹுவான் ஊரைப் பற்றி எழுதிவைத்திருக்கிறார். வலையும் அவர்களோடு வந்ததா என்பதற்குத்தான் ஆதாரம் இல்லை. சீனாவில் தங்கள் பிடியிலிருந்த மக்காவ் வழியாகப் போர்ச்சுக்கீசியர் கொண்டுவந்திருக்கலாம் என்று சொல்கிறவர்கள், வலையின் உறுப்புகளுக்கு மீனவர்கள் சொல்லும் பெயர்களில் போர்ச்சுக்கீசியச் சாயல் இருப்பதைக் காட்டுகிறார்கள். எனக்கு இது கூடுதல் பொருத்தமாகத் தோன்றுகிறது. ஆனால் குழுவில் சிறுவர்கள் இருந்தால் இன்றும் செங் ஹோவின் கப்பல்களைப் பற்றித்தான் முதலில் சொல்வேன், கடைசியில் ‘ஆனால்’ சேர்த்துக்கொள்வேன்.

வலை வேலை செய்கிற நேரத்திலேயே கடலின் வாயைக் கொஞ்சம் கவனித்துக்கொண்டிருங்கள். காயலும் கடலும் சேருகிற இடத்தில் ஓங்கில்கள், அதாவது டால்பின்கள் வரும், முதுகு மட்டும் வளைந்து தெரிந்து மறையும். தினமும் வரும் என்று சத்தியம் செய்ய மாட்டேன், வாரத்தில் பல நாள் நான் பார்க்கிறேன். கடற்கரையில் குளிக்க ஆசைப்படாதீர்கள். அது கப்பல் போகிற வாய், இழுப்பு அதிகம். மணலும் வருடா வருடம் அரித்துக்கொண்டு போகிறது. குளிக்க வேண்டுமென்றால் வைப்பின் தீவின் வட பக்கத்தில் இருக்கும் செறாயி கடற்கரை.

புனித பிரான்சிஸ் தேவாலயம் நடக்கிற தூரத்தில். 1503இல் மரத்தில் எழுந்து, 1516இல் கல்லாக மாறியது. கத்தோலிக்கரிடமிருந்து டச்சுச் சீர்திருத்தச் சபைக்கு, அங்கிருந்து ஆங்கிலேயருக்கு, இப்போது தென்னிந்தியத் திருச்சபைக்கு என்று ஊரின் கதையே அந்தக் கட்டடத்தின் கதை. வாஸ்கோ ட காமா 1524 டிசம்பர் 24 அன்று கொச்சியில் இறந்தார், இங்கே அடக்கம் செய்தார்கள், பதினான்கு ஆண்டுகளுக்குப் பின் உடலை போர்ச்சுகலுக்கு எடுத்துப்போனார்கள். இதுவரை நிச்சயம். தரையில் கம்பி கட்டிக் காட்டுகிற கல்லின் கீழ்தான் அந்தக் குழி இருந்தது என்பது மரபு. அந்தக் கல்லைச் சுற்றிக் கூட்டம் நெருக்கும். நீங்கள் சுவர்களைப் பாருங்கள்: தரையிலிருந்து பெயர்த்துச் சுவரில் பதித்த கல்லறைக் கற்கள், வடக்கே போர்ச்சுக்கீசியர், தெற்கே டச்சுக்காரர். நூறாண்டு பகையாளிகள் இப்போது எதிரெதிரே நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மேலே தொங்கும் பங்காக்களை, அதாவது பெரிய துணி விசிறிகளை, அந்தக் காலத்தில் வெளியே நின்று ஓராள் கயிறு இழுத்து ஆட்டுவார், பிரசங்கம் நீண்டால் அவர் பாடு எப்படி இருந்திருக்கும் என்று நான் யோசிப்பதுண்டு. சாந்தா குரூஸ் பேராலயம் பக்கத்தில். இப்போதுள்ள கட்டடம் 1905இல் அர்ச்சிக்கப்பட்டது. உள்ளே இத்தாலியச் சகோதரர் மொஸ்கேனியின் ஓவியங்கள் இருக்கின்றன, கால் மணி போதும். டச்சுக் கல்லறைத் தோட்டம் பெரும்பாலும் பூட்டியே இருக்கும், மதிலுக்கு மேல் எட்டிப் பார்ப்பதோடு சரி.

இனி எந்தப் பட்டியலிலும் முதலில் வராத ஓரிடம். வேளி மைதானத்துக்குப் பக்கத்தில் வண்ணார் சங்கத்தின் துவைப்பிடம் இருக்கிறது, வெளியாட்கள் தோபி கானா என்பார்கள். உள்ளே போனால் காதில் விழுவது தமிழ். இவர்களுடைய முன்னோர்கள் டச்சுச் சிப்பாய்களின் உடுப்பு துவைக்கத் தமிழ்நாட்டிலிருந்து வரவழைக்கப்பட்டவர்கள் என்பது அவர்களே சொல்லும் வரலாறு. தலைமுறை தலைமுறையாகக் கையால் துவைத்து, சோற்றுக் கஞ்சி போட்டு, வெயிலில் காயவைத்து, கரிப் பெட்டியில் தேய்க்கிறார்கள். துணி காயப்போடும் கொடியைக் கவனியுங்கள். கிளிப் கிடையாது. இரண்டு புரிக் கயிற்றை முறுக்கி அந்தப் புரிகளுக்குள் துணியின் முனையைச் செருகிவிடுவார்கள், காற்று எவ்வளவு அடித்தாலும் பறக்காது. நான் அழைத்துப்போன வயதானவர்களில் பலர் அரண்மனையை மறந்துவிட்டு இதைத்தான் போனில் நினைவுபடுத்திச் சொல்வார்கள். வேலை நேரத்தில் போங்கள், முதலில் வணக்கம் சொல்லுங்கள், கேட்காமல் படம் எடுக்காதீர்கள். இது அவர்களுடைய பிழைப்பிடம்.

தமிழ் என்று சொல்லத் தொடங்கியதால் இன்னும் இரண்டு. தமிழ் எழுத்தில் அச்சேறிய இரண்டாவது புத்தகமான ‘கிரீசித்தியானி வணக்கம்’ 1579இல் அச்சானது இந்தக் கொச்சியில்தான், என்றிக்கே என்றீக்கசு பாதிரியாரின் முயற்சியில். அந்த அச்சகத்தின் செங்கல் ஒன்றுகூட இன்று காட்டுவதற்கு இல்லை. இருந்தாலும் தெருவில் நடக்கும்போது நினைத்துக்கொள்ளலாம். அடுத்தது சவிட்டுநாடகம். லத்தீன் கத்தோலிக்கர்கள் மரப்பலகை மேடையை அதிர மிதித்து ஆடுகிற கூத்து, ஐரோப்பிய அரசன் கார்ல்மானின் கதையைப் பழந்தமிழ் கலந்த மொழியில் பாடுவார்கள். சின்னத்தம்பி அண்ணாவி என்ற தமிழர் எழுதிக்கொடுத்தது என்பது மரபு. கோதுருத்துப் பக்கம் இன்னும் ஆடுகிறார்கள், ஆனால் தினசரிக் காட்சி கிடையாது, திருவிழாவை ஒட்டித்தான் வாய்க்கும். வெள்ளி மாலைக்குக் கதகளிதான் நடைமுறைக்கு ஒத்துவரும். காட்சி தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போய் ஒப்பனை போடுவதைப் பாருங்கள், அரிசிமாவும் சுண்ணாம்பும் சேர்த்துக் கன்னத்தில் சுட்டி வைப்பதை. உங்கள் மகன் ஆட்டத்தின்போது தூங்கிவிட்டாலும் ஒப்பனையின்போது தூங்க மாட்டான்.

சனிக்கிழமைக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று திருப்பூணித்துறை குன்றின்மேல் அரண்மனை (ஹில் பேலஸ்), 1865இல் தொடங்கிய கொச்சி ராஜாக்களின் இருப்பிடம், இப்போது அருங்காட்சியகம். மெட்ரோ ரயிலிலேயே திருப்பூணித்துறை வரை போகலாம், ஆனால் வளாகம் பெரிது, ஏற்றமும் படியும் உண்டு. அம்மாவை நினைத்தால் நான் இரண்டாவதைச் சொல்வேன்: கார் வைத்துக்கொண்டு வடக்கே பறவூர், சேந்தமங்கலம். அங்கே இரண்டு பழைய யூதப்பள்ளிகள் அருங்காட்சியகங்களாக இருக்கின்றன, சனிக்கிழமை திறந்திருக்கும். சேந்தமங்கலத்தில் முற்றத்தில் நிற்கும் எபிரேயக் கல்லறைக் கல் 1269ஆம் ஆண்டுக்குரியது, சாரா என்ற பெண்ணுக்கு நட்டது. கைத்தறி வேட்டியும் அங்கே நன்றாக இருக்கும்.

பக்கத்தில் பட்டணம் என்ற சிற்றூரில் 2007 முதல் தோண்டி ரோமானிய மதுச்சாடிகளின் ஓடுகளை எடுத்திருக்கிறார்கள். சங்கப் பாட்டில் வரும் முசிறி இதுதானா என்பதில் அறிஞர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. ரோமானிய வணிகம் நடந்த இடம் என்பதில் சந்தேகம் இல்லை. 1341இல் பெரியாற்று வெள்ளம் முசிறியை ஒரே நாளில் மூடிக் கொச்சித் துறைமுகத்தைத் திறந்துவிட்டது என்று வழிகாட்டி யாராவது நாடகமாகச் சொன்னால் புன்னகையோடு கேட்டுக்கொள்ளுங்கள், நானும் சொல்லியிருக்கிறேன். அந்த ஆண்டில் அப்படி ஒரு வெள்ளம் வந்ததாக அந்தக் காலத்து ஆவணம் எதையும் யாரும் எனக்குக் காட்டியதில்லை. ஆற்றின் போக்கு மாறியது, வண்டலடித்தது, வணிகம் மெல்லத் தெற்கே நகர்ந்தது என்ற அளவில் நிறுத்திக்கொள்வதுதான் நேர்மை.

போக்குவரத்துக்குப் படகைப் பயன்படுத்துங்கள். எர்ணாகுளத்தில் தங்கினால் தோப்பும்படி வழியாகக் காரில் வந்து நெரிசலில் ஒரு மணி நேரம் கிடப்பதைவிட, உயர்நீதிமன்றத் துறையிலிருந்து வாட்டர் மெட்ரோவில் இருபது நிமிடம். 2023 ஏப்ரலில் தொடங்கிய சேவை. மின்கலத்தில் ஓடுகிற குளிர்சாதனப் படகுகள், கொச்சி கப்பல் கட்டும் தளத்திலேயே செய்தவை. மிதவை மேடை படகின் தளத்துக்குச் சமமாக நிற்கும், அம்மா கால் தூக்கிவைக்க வேண்டியதில்லை. மாலையில் கூட்டம் சேரும், வரிசையில் நிற்க அரை மணி ஒதுக்குங்கள். அரசு நீர்ப்போக்குவரத்துத் துறையின் பழைய படகும் ஓடுகிறது, சில்லறைக் காசுதான் டிக்கெட், காற்றும் முகத்தில் அடிக்கும். ஆனால் ஏறி இறங்க ஒரு கை பிடித்துக்கொள்ள வேண்டும். ஃபோர்ட் கொச்சியிலிருந்து வைப்பினுக்குக் கார், பைக் எல்லாம் ஏற்றிக்கொண்டு போகிற ரோ-ரோ கப்பலில் பையனை ஒருமுறை கூட்டிப்போய்த் திரும்புங்கள்.

எழுதாமல் விட்டவை உண்டு. டிசம்பர் கடைசியில் வருவதாக இருந்தால் இந்தப் பதிலே மாறும்: 31ஆம் தேதி இரவு பப்பாஞ்ஞி என்ற கிழவன் பொம்மையை எரிக்கிறார்கள், அந்த நெரிசலுக்கு எழுபது வயதுக்காரரை அழைத்துவர நான் சம்மதிக்க மாட்டேன். 2012இல் தொடங்கிய, ஈராண்டுக்கு ஒருமுறை வரும் பியென்னாலே கலைக் கண்காட்சி டிசம்பரில் திறந்து மார்ச் வரை நடக்கிற பருவம் உங்கள் தேதியோடு சேர்ந்தால், ஆஸ்பின்வால் மாளிகைக் கிடங்குகளுக்கு ஒரு காலை கூடுதலாக ஒதுக்குங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை. குடை போதாது, செருப்பையும் யோசித்துப் போடுங்கள். நுழைவுக் கட்டணமும் திறக்கும் நேரமும் நான் எழுதிய பிறகு மாறியிருக்கலாம், முதல்நாள் ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

திரும்புகிற படகில் வலப்பக்க இருக்கையைப் பிடியுங்கள். அந்தப் பக்கம் நீளமாக வருவது வில்லிங்டன் தீவு. அது கடவுள் போட்ட தீவு அல்ல என்று மகனிடம் சொல்லுங்கள். துறைமுக வாயில் மணல்திட்டு அடைத்துக் கிடந்ததால் பெரிய கப்பல்கள் வெளியே கடலில்தான் நங்கூரம் போட வேண்டியிருந்தது. 1920இல் வந்த ராபர்ட் பிரிஸ்டோ என்ற பொறியாளர் அந்தத் திட்டை வெட்டி வழி செய்தார், 1928இல் ‘பத்மா’ என்ற கப்பல் உள்ளே வந்தது. ஆழப்படுத்தும்போது தோண்டிய மண்ணைக் கொட்டிக் கொட்டி எழுந்ததுதான் இந்தத் தீவு. பையன் நிச்சயம் கேட்பான், அந்த மண்ணெல்லாம் எப்படிக் கரைந்துபோகாமல் நின்றது என்று. சுற்றிலும் கல்லணை கட்டி அதற்குள் நிரப்பினார்கள் என்பது வரை நீங்களே சொல்லிவிடலாம். அதற்கு மேல் கேட்டால் இங்கேயே எழுதுங்கள், துறைமுகத்தில் வேலை பார்த்த நண்பர் ஒருவரிடம் கேட்டுச் சொல்கிறேன்.